வில்லியம் ஒஸ்லரும் எங்கள் பித்தப்பைக் கற்களும்

மொன்றியல் டவுன்டவுனில் ஷேர்புறூக் வீதியில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தின் பெரிய வாசலை எங்களில் பலர் நாளாந்தம் கடந்து போகிறோம். அந்த வளாகத்துக்கு மேலே, மலைச் சரிவில், வட்ட வடிவமான மருத்துவபீடக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதற்குள் மருத்துவ வரலாற்றுக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. அந்த நூலகத்தில் ஒரு வைத்தியரின் அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டடம் நிற்கும் வீதிக்கும் அவருடைய பெயர்தான்: வில்லியம் ஒஸ்லர். அவர் இறந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றைக்கும் அவர் பெயரைக் கேள்விப்படாத மருத்துவ ஆசிரியரைக் காண்பது அரிது.

அவரைப் பற்றி இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பங்களில் பித்தப்பைக் கல் என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. அம்மாவுக்கு இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடிக்கிறது. முதுகுக்கும் தோள்மூட்டுக்கும் ஏறுகிறது. சத்தி வருகிறது. விடிந்ததும் ஒன்றுமில்லை. வாய்வு என்று சொல்லி, வேர்க்கொம்புத் தண்ணி குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். ஸ்கான் எடுத்து, கல்தான் வலிக்குக் காரணம் என்று வைத்தியர் சொன்ன பிறகும், வயிற்றைக் கிழிக்க விடமாட்டேன் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்குத் தெரியும், தள்ளிப்போட்ட கடனுக்கு வட்டி ஏறும். இந்த வருத்தமும் அப்படித்தான்.

ஒஸ்லர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. அவர் கத்தி பிடித்துப் பித்தப்பையை எடுத்ததில்லை. ஆனால் ஒரு கல் மனித உடம்புக்குள் என்னென்ன செய்கிறது என்பதைக் கவனித்து எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். அப்படிக் கவனிக்க அவரைப் பழக்கியது இந்த நகரம்.

காட்டூரில் பிறந்த போதகர் மகன்

ஒஸ்லரின் தகப்பன் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியைச் சேர்ந்தவர். கடற்படையில் இருந்தவர். பின்னர் அங்கிலிக்கன் போதகராகி, 1837இல் மனைவியுடன் கப்பலேறிக் கனடாவுக்கு வந்தார். ரொறன்ரோவுக்கு வடக்கே, அந்நாளில் காடாகக் கிடந்த பொன்ட் ஹெட் என்ற சிற்றூரில், 1849 ஜூலை 12ஆம் திகதி வில்லியம் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. ஆண்பிள்ளைகளில் கடைசி.

தகப்பனைப் போலப் போதகராக வேண்டும் என்றுதான் 1867இல் ரொறன்ரோ ட்ரினிட்டிக் கல்லூரிக்குப் போனார். அங்கே வைத்தியராக இருந்த ஆசிரியர் ஒருவரின் நுணுக்குக்காட்டி அவரைப் பிடித்துக்கொண்டது. இறையியலை விட்டு மருத்துவத்துக்கு மாறினார். நல்ல வைத்தியசாலைப் பயிற்சி மொன்றியலில்தான் கிடைக்கும் என்று 1870இல் மக்கிலுக்கு வந்தார். 1872இல் பட்டம் பெற்றார்.

அந்த 1872ஆம் ஆண்டு எங்களுக்கும் சொந்தமான ஆண்டு. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், உடற்கூற்றியல் பெருநூல் ஒன்றை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் கொண்டுவந்த ஆண்டு அது. மொன்றியல் மாணவர் ஆங்கிலத்தில் படித்த ஈரலையும் பித்தப்பையையும் அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மாணவர் தமிழில் படித்தார்கள். இன்று எங்கள் உடம்பைப் பற்றி எங்கள் மொழியில் பேச முடியாது என்று கூச்சப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் யாழ்ப்பாணத்திலும் சரி மொன்றியலிலும் சரி, பித்தப்பையை முழுதாக அகற்றி ஒரு நோயாளியைக் காப்பாற்றிய வைத்தியர் எவரும் அன்றைக்கு உலகத்திலேயே இருக்கவில்லை. கல் வந்தவருக்கு வலியைத் தணிக்க அபின் சார்ந்த மருந்து கொடுப்பார்கள். மற்றதெல்லாம் அவரவர் விதி.

டொர்செஸ்டர் வீதிப் பிணவறை

பட்டம் பெற்ற பின் ஒஸ்லர் இரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவில் சுற்றினார். லண்டன், பேர்லின், வியன்னா. பேர்லினில் ருடோல்ப் விர்ஷோ செய்யும் பிரேத பரிசோதனைகளை அருகில் நின்று பார்த்தார். நோய் என்பது உடம்பின் எந்த இடத்தில், எந்த இழையத்தில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் முறை அது. அந்த முறையுடன் 1874இல் மொன்றியல் திரும்பி, மக்கிலில் விரிவுரையாளரானார். அடுத்த ஆண்டே பேராசிரியர். வயது 26தான்.

அன்றைய மொன்றியல் பொது வைத்தியசாலை இப்போதுபோல் மலையில் இருக்கவில்லை. டவுன்டவுனில் டொர்செஸ்டர் வீதியில் இருந்தது. இன்று நாம் றெனே லெவெஸ்க் என்று அழைக்கும் அதே வீதிதான். 1955இல்தான் மலைப்பக்கம் இடம் மாறியது. பழைய வைத்தியசாலையின் பெரியம்மைப் பிரிவில் வேலை செய்ய எவரும் முன்வராத நேரத்தில் ஒஸ்லர் போனார். அவருக்கும் அம்மை தொற்றியது, இலேசாக. அந்த வேலைக்குக் கிடைத்த சம்பளத்தில் மாணவர்களுக்கு நுணுக்குக்காட்டிகள் வாங்கினார்.

1876இல் அந்த வைத்தியசாலையின் நோயியலாளரானார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் செய்து பதிந்த பிரேத பரிசோதனைகள் ஏறத்தாழ 800. ஒவ்வொன்றையும் பேரேட்டில் பதிவதுபோலப் பதிந்தார். நோயாளி உயிரோடு இருக்கும்போது என்ன சொன்னார், வைத்தியர் எதை நோய் என்று நினைத்தார், இறந்த பின் உடம்பைத் திறந்தபோது என்ன இருந்தது. கணக்காய்வு செய்யும் எங்களுக்கு இந்த முறை அந்நியமானதல்ல. வைத்தியரின் ஊகம் ஒரு பக்கம், உடம்பு காட்டும் உண்மை மறுபக்கம். இரண்டும் பொருந்தவில்லை என்றால் எங்கே பிழைத்தது என்று தேடவேண்டும். அவர் சேகரித்த மாதிரிகளைப் பின்னாளில் ஒழுங்குபடுத்தியவர் மோட் அபட் என்ற பெண் வைத்தியர். பெண் என்பதற்காக மக்கில் மருத்துவபீடம் சேர்க்க மறுத்தவர் அவர். அவரை ஊக்குவித்தவர்களில் ஒஸ்லரும் ஒருவர்.

கல் என்ன செய்கிறது

ஈரலுக்குக் கீழே ஒரு சிறு பையாகத் தொங்குவது பித்தப்பை. ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்பான சாப்பாடு வந்ததும் சுருங்கிக் குடலுக்கு அனுப்பும். பித்தநீரில் கொலஸ்ரரோல் அளவுக்கு மிஞ்சினால், அல்லது பை சரியாகச் சுருங்காவிட்டால், மணலாகத் தொடங்கிக் கல்லாகும். பெண்களுக்குக் கூட. பிள்ளை பெற்றவர்கள், உடல் பருத்தவர்கள், வயது ஏறியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், திடீரென்று உடம்பை இளைக்க வைத்தவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம்.

கல் பைக்குள் சும்மா கிடந்தால் பலருக்குத் தெரியவே தெரியாது. வாயிலில் வந்து அடைத்தால்தான் அந்தப் பிடிக்கும் வலி. அடைப்பு விலகாவிட்டால் பை வீங்கிக் கிருமி பிடிக்கும். கல் நழுவிப் பொதுப் பித்தக்குழாய்க்குள் இறங்கினால் இன்னும் ஆபத்து. கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், கணையமும் வீங்கலாம்.

ஒஸ்லரின் பெயர் இந்த இடத்தில்தான் வருகிறது. 1884இல் அவர் மொன்றியலை விட்டுப் பிலடெல்பியாவுக்கும், 1889இல் பால்ரிமோரில் புதிதாகத் திறந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்கும் போனார். அங்கே சில நோயாளிகள் ஒரு புதிரோடு வந்தார்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், பிறகு வியர்வை, பிறகு சுகம். சில நாளில் மீண்டும் அதே நடுக்கம். பார்த்தால் மலேரியா போலவே இருக்கும். வன்னியில் மலேரியாக் காய்ச்சலில் கிடந்த எங்களுக்கு அந்த வரிசை மறக்காது. ஆனால் இவர்களுக்குச் செங்கண்மாரியும் வந்து வந்து போனது. பித்தக்குழாயின் அடியில் ஒரு கல் பந்துபோல மிதந்து, ஒருநேரம் வழியை அடைத்து, ஒருநேரம் விலகிக்கொள்வதே காரணம் என்று ஒஸ்லர் விளக்கினார். பந்து வால்வுபோல வேலை செய்யும் அந்தக் கல்லைப் பற்றி 1897இல் அவர் எழுதிய கட்டுரை மருத்துவ உலகில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

விட்டு விட்டு வருகிற வருத்தம் போய்விட்ட வருத்தம் அல்ல என்பதே அதன் பாடம். நேற்று வலித்தது இன்று வலிக்கவில்லை என்று எங்கள் வீடுகளில் சொல்லப்படும் ஆறுதல், கல் அசைந்து கொடுத்ததற்கான அடையாளமாக மட்டும் இருக்கலாம்.

கத்தி வந்த காலம்

ஒஸ்லர் மொன்றியலில் இருந்த காலத்திலேயே பேர்லினில் திருப்பம் நடந்தது. 1882 ஜூலை 15இல் கார்ல் லங்கன்பூக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், பல ஆண்டுகள் வலியால் மெலிந்துபோன 43 வயதான ஒருவரின் பித்தப்பையை முழுதாக அகற்றினார். அதுவரை துணிந்தவர்கள் பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்தார்கள். கல் மீண்டும் வந்தது. கல்லை உண்டாக்குவதே பைதான், ஆகவே பையையே எடுக்க வேண்டும் என்பது லங்கன்பூக்கின் வாதம். முன்னதாகப் பிரேதங்களில் செய்து பழகிக்கொண்டார். நோயாளி பிழைத்தார். பித்தப்பை இல்லாமல் உயிர் வாழ முடியுமா என்று இன்றும் எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே கிடையாது. பை இல்லாவிட்டால் பித்தநீர் ஈரலிலிருந்து நேராகக் குடலுக்கு வடிந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே 1882இல் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்ற இளம் சத்திரசிகிச்சை நிபுணர், கல்லால் சாகக் கிடந்த தன் தாயை வீட்டுக் குசினி மேசையில் கிடத்தி, நள்ளிரவு தாண்டிய வேளையில் வயிற்றைத் திறந்து கற்களை எடுத்துக் காப்பாற்றினார். பின்னர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஒஸ்லருக்குச் சமமான பதவியில் இருந்தவர் இவர்தான். சத்திரசிகிச்சைக்கு றப்பர் கையுறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அவருக்கே பின்னாளில் பித்தப்பைக் கல் வந்தது. 1919இல் பையை எடுத்தார்கள். குழாயில் மிஞ்சிய கல்லுக்காக 1922இல் மீண்டும் வயிற்றைத் திறந்தார்கள். அதன் பின்விளைவுகளால் இறந்தார். நாட்டின் தலைசிறந்த கைகள் சுற்றி நின்றும் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் பாட்டிமார் ஒப்பிரேஷன் என்றால் பயந்தது வீண் பயம் அல்ல. அவர்களுடைய காலத்தின் உண்மை அது.

அந்த உண்மை இப்போது மாறிவிட்டது. 1985 செப்டெம்பரில் ஜேர்மனியின் பேப்லிங்கன் நகரில் எரிச் மூகே முதன்முதலாகச் சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். அவருடைய சொந்தச் சங்கத்தினரே முதலில் அதை ஏற்கவில்லை. 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே செய்த பிறகு முறை வேகமாகப் பரவியது. மொன்றியலில், ஒஸ்லர் படித்த மக்கிலின் வைத்தியர்கள், புது முறையையும் சிறிய வெட்டுப் போட்டுச் செய்யும் பழைய முறையையும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள். 1992இல் அந்த முடிவு வெளியானது. துளைவழி செய்தவர்கள் வழமைக்குத் திரும்ப எடுத்த காலம் சராசரி 12 நாள் அளவு. மற்றவர்களுக்கு 20 நாள் அளவு. மணித்தியாலச் சம்பளத்தில் வேலை செய்யும் எங்கள் குடும்பங்களுக்கு அந்த எட்டு நாள் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

முறை இதுதான். மயக்கமருந்து கொடுத்து, தொப்புளடியில் ஒரு சிறு துளை, மேல்வயிற்றில் இன்னும் இரண்டு மூன்று துளைகள். வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஊதி இடம் உண்டாக்குவார்கள். ஒரு துளையால் கமரா போகும், மற்றவற்றால் கருவிகள். பைக்குப் போகும் குழாயையும் இரத்த நாளத்தையும் கிளிப் போட்டு வெட்டி, பையை ஈரலிலிருந்து பிரித்து, ஒரு சிறு உறைக்குள் போட்டு வெளியே எடுப்பார்கள். பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். ஊதிய வாயுவால் தோள்மூட்டு ஓரிரு நாள் நோகும். ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. அரிதாகப் பித்தக்குழாய் காயப்படலாம். உள்ளே அழற்சி அதிகமாக இருந்தால் நடுவில் பெரிய வெட்டுக்கு மாறவும் நேரும். அப்படி மாற வேண்டி வருவது கூடுதலாகக் காலம் கடத்தி வந்தவர்களுக்குத்தான்.

மறுபக்கக் கணக்கு

ஒஸ்லரின் புகழ் மொன்றியலை விட்ட பிறகுதான் உச்சிக்குப் போனது. 1892இல் வந்த அவருடைய மருத்துவப் பாடநூல் பல பத்தாண்டுகள் உலகெங்கும் படிக்கப்பட்டது. மாணவர்களை வகுப்பறையிலிருந்து நோயாளியின் கட்டிலடிக்குக் கூட்டிப்போய், நோயாளி சொல்வதைக் கேட்கப் பழக்கினார். 1905இல் ஒக்ஸ்போர்ட் அழைத்தது. 1911இல் ‘சேர்’ பட்டம். பிறகு துயரம். ஒரே மகன் றெவெயர் 1917 ஓகஸ்ட்டில் பெல்ஜியத்துப் போர்முனையில் காயப்பட்டு இறந்தான். வயது 21. யுத்தத்தில் பிள்ளையைக் கொடுத்த வீடு எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஒஸ்லர் அதன்பின் இரண்டு ஆண்டுகளே இருந்தார். 1919 டிசெம்பர் 29இல் காலமானார்.

இத்தோடு முடித்தால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே எழுதியதாகும். 1914 மே மாதம் கோமகட்டா மாரு என்ற கப்பல் 376 பயணிகளோடு வன்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. பெரும்பாலும் பஞ்சாபியர். பிரித்தானியப் பேரரசின் குடிமக்கள். இரண்டு மாதம் கரையேற விடாமல் வைத்து, கிட்டத்தட்ட எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆண்டிலேயே, கனடா வெள்ளையரின் நாடாகவே இருக்க வேண்டும் என்ற கருத்தை ஒஸ்லர் மேடையில் வெளிப்படையாகப் பேசினார். நோயாளியிடம் அவ்வளவு கனிவாக இருந்த மனிதர், எங்களைப் போன்ற நிறமுள்ளவர்கள் இந்தக் கரையில் இறங்குவதை விரும்பவில்லை.

1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மொன்றியலுக்குத்தான் வந்தார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது திருப்பி அனுப்பு என்ற குரல் மீண்டும் கேட்டது. ஒஸ்லர் விரும்பாத மனிதர்களின் பிள்ளைகள் இன்று அவர் பெயருள்ள வீதியில் ஏறி, அவர் படித்த மருத்துவபீடத்தில் படிக்கிறார்கள். அவர் சேர்த்த ஏறக்குறைய 8,000 நூல்கள், 1929இல் திறந்த அந்த நூலகத்தில் அவர்களுக்கும் திறந்திருக்கின்றன. ஒருவர் தேடிச் சேர்த்த அறிவை, அவர் யாருக்கு விரும்பினார் என்று பார்த்துப் பூட்டி வைக்க முடியாது. அவருடைய பிழையை மறைக்கவும் வேண்டாம், அதற்காக அவர் தந்ததை ஒதுக்கவும் வேண்டாம். இரண்டையும் எழுதி வைப்போம்.

நாம் செய்ய வேண்டியது

ஒஸ்லர் கற்பித்த மருத்துவம் நோயாளி வாய் திறப்பதில் தொடங்குகிறது. அந்தப் பங்கு எங்களுடையது. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, என்ன சாப்பிட்டபின் வந்தது, காய்ச்சல் இருந்ததா என்பதை ஒரு துண்டில் தமிழிலேயே எழுதிவையுங்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஓடாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். பத்து வயதுப் பேரப்பிள்ளையை வைத்து அம்மம்மாவின் வருத்தத்தைச் சொல்லவைப்பது அந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல, அம்மம்மாவுக்கும் நல்லதல்ல.

வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கானில் கல் தெரிந்து, வலி எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. வைத்தியரைக் கேட்டு முடிவெடுக்கலாம். வலி திரும்பத் திரும்ப வந்தால் தள்ளிப்போட வேண்டாம். ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ச் சாறும் குடித்தால் கல் கரைந்து மலத்தோடு விழும் என்று வட்ஸ்அப்பில் வருவதை நம்பவேண்டாம். விழுவது பெரும்பாலும் அந்த எண்ணெயே குடலுக்குள் சவர்க்காரம்போலத் திரண்ட கட்டிகள். வலி பல மணிநேரம் விடாமல் நின்றால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். ஐயம் என்றால் கியூபெக்கில் 811ஐ அழைத்து ஒரு தாதியிடம் கேட்கலாம்.

எங்கள் தாய்மார் வலியைப் பொறுத்துப் பழகியவர்கள். ஷெல்லுக்குள்ளும் முகாமுக்குள்ளும் அந்தப் பொறுமைதான் எங்களை வளர்த்தது. இந்த நாட்டில் அந்தப் பொறுமை அவர்களுக்குத் தேவையில்லை. அடுத்தமுறை அம்மா விலாவைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொன்னால், பக்கத்தில் இருந்து, என்ன செய்கிறது என்று இன்னொரு தடவை கேளுங்கள்.